குண்டூசி கேட்ட பெண், மோர் கேட்ட கிழவி: இங்கிலாந்துக் கிராமங்களில் சூனிய வழக்குகள் எப்படி நடந்தன?

ஏட்டுக்கட்டு எழுதியது:

"சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள்" என்ற வரி இங்கிலாந்தைப் பற்றிப் பேசும்போதும் தமிழில் திரும்பத் திரும்ப வருகிறது. அது தவறு. இங்கிலாந்தில் சூனியம் மற்றக் கொடுங்குற்றங்களைப் போல ஒரு குற்றம். கொலைக்கும் குதிரைத் திருட்டுக்கும் இருந்த அதே தூக்குக்கயிறுதான் இதற்கும். எரித்தது ஸ்காட்லாந்தில். அங்கேயும் பெரும்பாலும் கழுத்தை நெரித்த பிறகு உடலை எரித்தார்கள். 1645-ல் இப்ஸ்விச்சில் எரிக்கப்பட்ட மேரி லேக்லேண்டை எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். கணவனைச் சூனியத்தால் கொன்றார் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. கணவனைக் கொல்வது அன்றைய சட்டத்தில் 'சிறு ராஜத்துரோகம்'. அதைச் செய்த பெண்ணுக்குத் தண்டனை தீ. சூனியத்துக்காக வந்த தீ அல்ல அது.

எண்ணிக்கையிலும் இதே குழப்பம். பல லட்சம் பெண்கள் என்றெல்லாம் பகிர்கிறார்கள். இங்கிலாந்து முழுவதற்கும், சட்டம் உயிரோடிருந்த காலம் முழுவதற்கும் சேர்த்து, தூக்கிலேறியவர்கள் ஏறக்குறைய 500 பேர் என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. எண் சிறியது என்பதால் கொடுமை சிறிதாகிவிடாது. ஆனால் எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள எண் சரியாக இருக்க வேண்டும். வெறிபிடித்த கூட்டம் ஊர் ஊராக எரித்துக்கொண்டு போகவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்று எழுத்தில் ஏறி, கையெழுத்தாகி, ஜூரி முன்னால் போய், கயிற்றில் முடிந்தது. அந்தப் பாதையை அடி அடியாகப் பேசவே இந்த இழை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


வழக்குப்பெட்டி எழுதியது:

முதலில் சட்டம். அது தெரியாமல் தீர்ப்புகள் புரியாது.

1542-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு சட்டம் வந்தது, 1547-ல் நீக்கப்பட்டது. உண்மையில் வேலை செய்தவை இரண்டு. எலிசபெத் காலத்து 1563 சட்டப்படி சூனியத்தால் ஆளைக் கொன்றால் தூக்கு. ஆளை முடமாக்கினாலோ மாட்டைக் கொன்றாலோ முதல் முறை ஓராண்டுச் சிறை, கூடவே காலாண்டுக்கு ஒரு தடவையாக நான்கு தடவை சந்தை நாளில் 6 மணி நேரம் பில்லரியில் நிற்க வேண்டும் (கழுத்தையும் கைகளையும் பலகைத் துளையில் மாட்டி ஊர்முன் நிறுத்துவது). இரண்டாம் முறை தூக்கு. அடுத்து முதலாம் ஜேம்ஸ் காலத்து 1604 சட்டம். ஆளை முடமாக்கினாலே முதல் முறையே தூக்கு என்று அது கடுமையாக்கியது. கெட்ட ஆவியை வளர்ப்பது, அதற்கு உணவு தருவது, அதனுடன் கலந்துபேசுவது ஆகியவையும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. யாருக்கும் தீங்கு நடந்ததாக நிரூபிக்கவே வேண்டாம். பின்னால் வரும் 'ஏவல் விலங்கு' (சூனியக்காரிக்காக விலங்கு உருவில் வேலை செய்யும் கெட்ட ஆவி) சாட்சியங்கள் எல்லாம் இந்த வாசலில்தான் நுழைந்தன.

நடைமுறை இப்படி. புகார் கொடுப்பவர் அருகிலுள்ள ஜே.பி.யிடம், அதாவது அமைதி காக்கும் நீதிபதியிடம் போவார். ஜே.பி. பெரும்பாலும் உள்ளூர் நிலக்கிழார், சம்பளம் கிடையாது. புகார்காரர்களையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் அவர் விசாரித்து வாக்குமூலத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1554, 1555 ஆண்டுச் சட்டங்கள் சொல்லின. புகார்காரர் வழக்கு நடக்கும் நாளில் வந்து சாட்சி சொல்வேன் என்று பணப் பிணையம் எழுதிக் கொடுப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் கவுண்டிச் சிறைக்குப் போவார் (கவுண்டி என்றால் மாவட்டம் போல). பெரும்பாலான கவுண்டிகளுக்கு லண்டனிலிருந்து நீதிபதிகள் ஆண்டுக்கு இருமுறை சுற்றில் வருவார்கள். அதுதான் அசைஸ். மார்ச்சில் ஒன்று, கோடையில் ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் பிடிபட்டால் அடுத்த மார்ச் வரை ஈரத் தரையில் கிடக்க வேண்டும். சிறைக் காய்ச்சல், இன்று டைஃபஸ் என்று நாம் அறிவது, தூக்குமேடைக்கு முன்பே பலரைக் கொண்டுபோனது.

அசைஸில் முதலில் பெரிய ஜூரி, வழக்குக்கு அடிப்படை உண்டா என்று பார்க்கும். இல்லையென்றால் குற்றப்பத்திரிகையின் பின்புறம் 'இக்னோராமஸ்' (லத்தீனில் 'அறியோம்') என்று எழுதி அங்கேயே முடித்துவிடும். உண்டென்றால் 12 பேர் கொண்ட சிறிய ஜூரி. ஒரு வழக்கு பெரும்பாலும் நிமிடக் கணக்கில் முடியும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. அவர் பக்கச் சாட்சிகள் சத்தியம் செய்து பேச 1702 வரை உரிமையில்லை. சத்தியமில்லாத சொல்லுக்கு ஜூரியிடம் எடை குறைவு. விடுதலையானாலும் சிறைக் கட்டணத்தைக் கட்டினால்தான் வெளியே வர முடியும். தின்ற ரொட்டிக்கும் படுத்த வைக்கோலுக்கும் பணம்.

இவ்வளவு இருந்தும் ஜூரிகள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிலேற்றவில்லை. எசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், கென்ட், சர்ரே, சசெக்ஸ் அடங்கிய சுற்றில் சட்டம் இருந்த காலம் முழுவதும் சுமார் 500 பேர்மேல் வழக்கு வந்தது. தூக்கிலேறியவர்கள் சுமார் 110. ஐந்தில் ஒருவர்.


தெற்குவாசல் எழுதியது:

நல்ல விளக்கம். ஆனால் சித்திரவதை இல்லை என்று சொல்லப் போகிறீர்களா? பிறகு இத்தனை ஒப்புதல் வாக்குமூலங்கள் எங்கிருந்து வந்தன?


வழக்குப்பெட்டி எழுதியது:

@தெற்குவாசல், இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் சாதாரண வழக்குகளில் சித்திரவதைக்கு இடமில்லை. பிரிவி கவுன்சிலின், அதாவது அரசரின் ஆலோசனைச் சபையின் தனி ஆணை வேண்டும், அது அரசியல் வழக்குகளுக்கே கிடைத்தது. ஐரோப்பியக் கண்டத்தில் இருந்ததுபோல ஒரு பெண்ணைக் கட்டித் தொங்கவிட்டு "இன்னும் யார் யார்?" என்று கேட்டு ஐம்பது பேர் பெயரைக் கறக்க முடியாது. இங்கே பெரும்பாலான வழக்குகள் ஒருவர் இருவரோடு நின்றதற்கு அதுவே பெரிய காரணம். தூங்கவிடாமல் வைத்திருப்பதைச் சித்திரவதை என்று சட்டம் அழைக்கவில்லை. அதைப் பற்றி, 1645-ல் சூனியக்காரிகளைத் தேடிப் பிடித்த மேத்யூ ஹாப்கின்ஸ் வரும்போது எழுதுகிறேன்.


மோர்ப்பானை எழுதியது:

சட்டத்துக்கு முந்தைய கட்டத்தைப் பேசலாம். ஜே.பி. வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு கதை ஊரில் ஊறிக் கிடக்கும்.

பென்டில், 1612. எல்லோரும் பெயர் சொல்லும் வழக்கு, ஆனால் அதன் தொடக்கத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. மார்ச் 18-ம் தேதி லங்காஷயரில் கோல்ன் ஊருக்கு வெளியே அலிசன் டிவைஸ் என்ற பெண், ஜான் லா என்ற மூட்டை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் மூட்டையைப் பிரிக்க மறுத்தார். இன்று குண்டூசி ஒரு பொருளே இல்லை. அன்று கையால் செய்தது, விலை உண்டு, மந்திரச் சடங்குகளிலும் பயன்படும். சற்று நேரத்தில் ஜான் லா கீழே விழுந்தார். ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. இன்று படித்தால் பக்கவாதம் என்று தெரிகிறது. ஹாலிஃபாக்ஸில் துணிக்குச் சாயமேற்றும் தொழில் செய்த அவர் மகன் ஆபிரகாம், அலிசனைத் தேடிப் பிடித்துத் தந்தையின் படுக்கைக்கு அழைத்துவந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். ஜான் லா மன்னித்தார். அவள் தானே செய்ததாக நம்பினாள் என்பதுதான் இதில் என்னை நிறுத்தும் இடம். ஆகஸ்டில் லங்காஸ்டர் கோட்டை நீதிமன்றத்தில் அவரை எதிரே பார்த்தபோதும் மண்டியிட்டு அழுதே ஒப்புக்கொண்டாள்.

மன்னிப்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் ரீட் ஹால் ஜே.பி. ரோஜர் நோவல் கைக்குப் போனது. அவர் கேள்வி கேட்கக் கேட்க, இரண்டு ஏழைக் குடும்பங்களின் பல ஆண்டுப் பகை வெளியே வந்தது. ஒரு பக்கம் அலிசனின் பாட்டி டெம்டைக், எண்பது வயதை ஒட்டிய, பார்வையிழந்த கிழவி. மறுபக்கம் சாட்டாக்ஸ் எனப்பட்ட ஆன் விட்டில். இருவருமே குணமாக்கும் மந்திரம் தெரிந்தவர்கள், அதை வைத்துப் பிழைத்தவர்கள். ஒருவரைத் தாழ்த்த மற்றவரைக் காட்டிக்கொடுத்தார்கள். புனித வெள்ளியன்று மால்கின் டவர் என்ற டெம்டைக்கின் வீட்டில் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடிச் சாப்பிட்டார்கள், ஜேம்ஸ் டிவைஸ் திருடிய ஆட்டை அடித்து. அந்தச் சாப்பாடு வாக்குமூலத்தில் சூனியக்காரிகளின் சதிக்கூட்டமாக ஏறியது.

ஆகஸ்ட் 20 அன்று லங்காஸ்டரில் பத்துப் பேர் தூக்கிலேறினார்கள். டெம்டைக் சிறையிலேயே இறந்துவிட்டார். ஜெனட் பிரெஸ்டன் யார்க்கில் ஜூலை 29-லேயே தூக்கிலிடப்பட்டிருந்தார். அலிசனின் தங்கை ஜெனட்டுக்கு அப்போது சுமார் 9 வயது. சாட்சி சொல்ல அவளை மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். மகளைப் பார்த்துக் கதறிய தாய் எலிசபெத்தை வெளியே கொண்டுபோன பிறகே அவள் பேசினாள். தாய், அண்ணன், அக்காள் மூவரும் தூக்கு.

அதே அசைஸில் பாடிஹாமைச் சேர்ந்த மார்கரெட் பியர்சன் ஒரு குதிரையைக் கொன்றதாகக் குற்றவாளியானார். விலங்கு என்பதால் உயிர் தப்பினார். நான்கு சந்தைகளில் பில்லரி, ஓராண்டுச் சிறை. வழக்குப்பெட்டி சொன்ன சட்டப் பிரிவு ஒரு உயிரில் எப்படி விழுந்தது என்று பாருங்கள்.


ஏட்டுக்கட்டு எழுதியது:

ஜெனட் கதை அங்கே முடியவில்லை. 1633-ல் எட்மண்ட் ராபின்சன் என்ற 10 வயதுச் சிறுவன் அதே பென்டில் பகுதியில் பலரைக் காட்டிக்கொடுத்தான். பலர் குற்றவாளிகளாகத் தீர்ப்பு வந்தும் நீதிபதிக்கு மனம் ஒப்பவில்லை, விஷயம் அரசர் வரை போனது. லண்டனில் மருத்துவர் வில்லியம் ஹார்வியின் மேற்பார்வையில் மருத்துவச்சிகளும் அறுவை மருத்துவர்களும் சில பெண்களைச் சோதித்து, இயற்கைக்கு மாறாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மாடுகளை நேரத்துக்கு ஓட்டி வராததற்கு அடி விழும் என்று பயந்து கட்டிய கதை என்று சிறுவன் ஒப்புக்கொண்டான். 1612 கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் அவன். ஆனாலும் 1636-லும் லங்காஸ்டர் சிறைப் பட்டியலில் அந்தப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒரு ஜெனட் டிவைஸ் உண்டு. அதே சிறுமியா என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.


மோர்ப்பானை எழுதியது:

குண்டூசிக்கு வருகிறேன். 1970-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் எசெக்ஸ் ஆவணங்களை வைத்துச் சொன்ன விளக்கம் இது. ஏழைக் கிழவி வாசலுக்கு வந்து பால், நொதி, மோர், ஏதோ ஒன்று கேட்கிறாள். வீட்டுக்காரர் இல்லை என்கிறார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். ஒரு வாரத்தில் கன்றோ குழந்தையோ நோயில் விழுகிறது. மறுத்தவரின் மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலே பழியாகத் திரும்புகிறது. 1584-லேயே கென்ட் கவுண்டியின் ரெஜினால்ட் ஸ்காட், வீடு வீடாகப் போய் ஒரு குவளைப் பாலோ கஞ்சியோ கேட்கும் கிழவிகளைத்தான் சூனியக்காரி என்கிறார்கள் என்று எழுதினார்.

பின்னணியில் இரண்டு மாற்றங்கள். இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டு விலகிய மதச் சீர்திருத்தத்துக்கு முன் கிராமத்தவரிடம் காப்பு நிறைய இருந்தது. தீர்த்தம், புனிதர்கள், வயலுக்கு ஆசீர்வாதம், பேயோட்டும் பாதிரியார். புதிய சபை அவற்றை மூடநம்பிக்கை என்று எடுத்துவிட்டது. பிஷப்பின் அனுமதியின்றிப் பேயோட்டக்கூடாது என்று 1604 சபை விதி. சாத்தான் அப்படியே இருந்தான், அவனுக்கு எதிரான கேடயம் மட்டும் போய்விட்டது. இரண்டாவது, 1598, 1601 ஏழைகள் சட்டங்கள். பிச்சை போடுவது அண்டை வீட்டாரின் கடமையா, பங்கின் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரத்தின்) வரிக்கடமையா என்று தெளிவில்லாத இடைக்காலம் அது. வரியும் கட்டிவிட்டு வாசலிலும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு மறுக்க வழி கிடைத்தது. மனம் மட்டும் பழைய ஒழுங்கிலேயே இருந்தது.


கூரைவிட்டம் எழுதியது:

@மோர்ப்பானை, இந்த விளக்கத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பிச்சை மறுத்த கதை எல்லா வழக்குக்கும் பொருந்தாது. 1593-ல் வார்பாய்ஸ் வழக்கில் ஆலிஸ் சாமுவேல் பிச்சை கேட்டு வரவில்லை. அண்டை வீட்டு நிலக்கிழார் குடும்பத்துக் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது பார்க்க வந்தவர். அவரைப் பார்த்ததும் குழந்தை சூனியக்காரி என்று கத்தியது. கணவன், மகளோடு மூவரும் தூக்கு. அவர்களின் பொருள்கள் சட்டப்படி நிலப்பிரபு சர் ஹென்றி கிராம்வெல்லுக்குச் சேர்ந்தன. மதிப்பு 40 பவுண்டு. அதை அவர் ஹன்டிங்டனில் ஆண்டுதோறும் சூனியத்துக்கு எதிராகப் பிரசங்கம் நடத்த அறக்கட்டளையாக்கினார். நல்ல மனதோடு செய்தது என்பதே அதில் வேதனை.

பல வழக்குகளில் சாட்சி சொன்னவர்களும் பெண்கள்தான். பிரசவம், பால் சுரப்பு, வெண்ணெய், குழந்தை நோய் என்று பெண்களின் வேலைக்களத்தில் எழுந்த சண்டைகள் அவை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதை வறுமை மட்டும் விளக்கிவிடாது.


மோர்ப்பானை எழுதியது:

ஏற்கிறேன். வெண்ணெய் நல்ல உதாரணம். மணிக்கணக்கில் கடைந்தும் திரளாவிட்டால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார்கள். உடனே சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சிப் பாலேட்டுக்குள் முக்குவார்கள், சூனியக்காரிக்குச் சுடும் என்று. கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் திரண்டுவிடும். காரணம் வெப்பநிலை. பாலேடு ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டும். குளிர்ந்த பால்வீட்டில் அது 8, 9 டிகிரிக்கு இறங்கினால் எவ்வளவு கடைந்தாலும் வராது. சூட்டுக்கோல் உண்மையிலேயே வேலை செய்தது. அதனால்தான் நம்பிக்கை அசையவில்லை. கோடையில் பாலேடு சூடேறித் திரளாமல் போனால் அதே சூட்டுக்கோல் நிலைமையை இன்னும் கெடுக்கும். அப்போது சூனியம் வலுவானது என்று சொல்லி வேறு பரிகாரத்துக்குப் போவார்கள்.


தெற்குவாசல் எழுதியது:

வேறு பரிகாரம் என்றால்? யாரிடம் போவார்கள்?


கூரைவிட்டம் எழுதியது:

'கன்னிங் மேன்', 'வைஸ் வுமன்' எனப்பட்ட நாட்டு மந்திரவாதிகளிடம். எசெக்ஸில் எந்தக் கிராமத்திலிருந்தும் 10 மைலுக்குள் ஒருவர் இருந்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் வேலையில் பெரிய பகுதி களவுபோன பொருளைக் கண்டுபிடிப்பது.

சல்லடை முறை இப்படி. செம்மறி மயிர் கத்தரிக்கும் பெரிய கத்திரியின் முனைகளைச் சல்லடையின் மரவிளிம்பில் குத்தி நிறுத்துவார்கள். இருவர் கத்திரியின் பிடியை விரல்நுனியில் தாங்குவார்கள், சல்லடை கீழே தொங்கும். பேதுரு, பவுல் பெயர்களைச் சொல்லி, சந்தேகப்படும் ஆள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எந்தப் பெயருக்குச் சல்லடை திரும்புகிறதோ அவர் திருடர். விரல்நுனியில் தாங்கும் எடை இம்மி அசைவுக்கும் திரும்பும். தாங்குபவர் மனதில் யார் இருக்கிறாரோ அவர் பெயரில் கை தானாக நடுங்கும். மந்திரவாதி ஊர்ச் சந்தேகத்தைத்தான் திருப்பித் தந்தார். சூனியம் வைத்தவரைக் கண்டுபிடிப்பதிலும் இதே வழி. "யாரை நினைக்கிறாய்?" என்று கேட்டு, வந்தவர் சொன்ன பெயரை உறுதிசெய்வார். அந்த உறுதியோடுதான் பலர் ஜே.பி.யிடம் போனார்கள்.

அடுத்தது சூனியப் புட்டி. ரைன் பகுதியிலிருந்து இறக்குமதியான, கழுத்தில் தாடிமுகம் பொறித்த உப்புமெருகு மட்பாண்டம். அதில் பாதிக்கப்பட்டவரின் சிறுநீர், வளைத்த குண்டூசிகள், ஆணிகள், முடி, நகத்துண்டு போட்டு அடைப்பார்கள். சூனியக்காரிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே ஒரு பிணைப்பு உண்டு, சிறுநீரில் ஊசி குத்தினால் அவளுக்குச் சிறுநீர் அடைத்து வலிக்கும், அவள் தாங்காமல் மந்திரத்தை எடுத்துவிடுவாள் என்பது கணக்கு. கணப்படுப்பின் அருகே மெல்லச் சூடாக்க வேண்டும், அல்லது அடுப்புக்கல்லுக்கோ வாசற்படிக்கோ அடியில் புதைக்க வேண்டும். இறுக அடைத்து நேரே தீயில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் வெடிக்கும். வெடித்தால் மந்திரம் முறிந்தது என்று சிலரும், சூனியக்காரி தப்பிவிட்டாள் என்று சிலரும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கதை அல்ல. 2004-ல் கிரீன்விச்சில் மூடி திறக்காத ஒரு புட்டி தலைகீழாகப் புதைந்த நிலையில் கிடைத்தது. உள்ளே சிறுநீர், 12 இரும்பு ஆணிகள், 8 பித்தளைக் குண்டூசிகள், முடி, நகத்துண்டுகள், கந்தகம், ஆணி ஊடுருவிய இதய வடிவத் தோல்துண்டு. சிறுநீரில் நிகோடின் தடயம் இருந்ததால் அவர் புகைபிடித்தவர் என்றும் தெரிந்தது.

வீட்டு மரங்களிலும் பார்க்கலாம். கணப்படுப்பின் மேல்விட்டத்தில் கண்ணீர்த்துளி வடிவில் கரிந்த குழிகள் இருக்கும். மெழுகுவர்த்தி சாய்ந்து விபத்தில் வந்தவை என்றே நினைத்திருந்தார்கள். செய்து பார்த்தபோது, சுடரைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்து, கரியைச் சுரண்டி, மறுபடி சுட்டால்தான் அந்த ஆழம் வருகிறது. வேண்டுமென்றே செய்த காப்பு. கென்டில் நோல் மாளிகையில் 1605-06 குளிர்காலத்தில் வெட்டிய மரத்தில் இப்படிப்பட்ட குறிகள், தரைப்பலகைக்கு அடியில், கணப்பைச் சுற்றி இருக்கின்றன. ஜேம்ஸ் மன்னர் வருவார் என்று கட்டிய அறை. ஆனால் கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூ எல்லாமே சூனியக் காப்பு என்று சொல்ல மாட்டேன். தச்சர்களும் கொத்தர்களும் அளவு பழகும்போது அதே வடிவத்தைத்தான் வரைவார்கள். வாசல், சன்னல், புகைபோக்கி என்று காற்று நுழையும் இடத்தில் இருந்தால்தான் காப்பு என்று வாதிடலாம்.


வழக்குப்பெட்டி எழுதியது:

சொன்னபடி ஹாப்கின்ஸ்.

1645 மார்ச், எசெக்ஸில் மேனிங்ட்ரீ. உள்நாட்டுப் போரில் அசைஸ் சுற்று குலைந்திருந்தது. அந்தக் கோடையில் செம்ஸ்ஃபோர்டு வழக்குகளை அனுபவமுள்ள சுற்று நீதிபதிகளின்றி வாரிக் பிரபுவும் உள்ளூர் ஜே.பி.க்களும் நடத்தினார்கள். தடுக்கும் கை இல்லை. மேத்யூ ஹாப்கின்ஸும் ஜான் ஸ்டேர்னும் அந்த இடைவெளியில் புகுந்தார்கள். முதலில் ஒற்றைக்கால் கிழவி எலிசபெத் கிளார்க்.

'காவல் இருத்தல்' முறையை ஹன்டிங்டன்ஷயரில் கிரேட் ஸ்டாட்டன் பாதிரியார் ஜான் கால் விவரித்திருக்கிறார். பெண்ணை அறை நடுவே முக்காலியிலோ மேசைமேலோ சம்மணமிட்டு உட்கார வைப்பார்கள். மறுத்தால் கயிற்றால் கட்டுவார்கள். 24 மணி நேரம் சோறும் தூக்கமும் இல்லை. ஏவல் விலங்கு பால் குடிக்க வரும் என்று கதவில் சிறு துளை வைப்பார்கள். சிறியதாகவும் வரலாம் என்பதால் அறையைப் பெருக்கிக்கொண்டே இருந்து, சிலந்தியோ ஈயோ தென்பட்டால் அடிப்பார்கள். அடித்தும் சாகாமல் தப்பினால் அதுவே ஏவல். இதோடு 'நடக்க வைத்தல்' என்று பாதம் கொப்பளிக்கும்வரை அறைக்குள் நடத்துவார்கள். இரண்டு மூன்று இரவுகள் தூங்காதவருக்குப் பிரமை வரும், என்ன கேட்டாலும் ஆம் என்பார். எலிசபெத் கிளார்க் சில இரவுகளில் ஹோல்ட், ஜர்மாரா, வினிகர் டாம் என்று ஏவல்களின் பெயர்களைச் சொன்னார்.

உடற்சோதனையைப் பெண்கள் குழு செய்தது. ஏவல் ரத்தம் குடிக்கும் 'முலைக்காம்பு' தேடுவார்கள். மரு, மூலம், தோல்தொங்கல், பிரசவத் தழும்பு எல்லாம் இதில் சிக்கும். வயதான உடம்பில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது. அதுதான் சோதனையின் கோளாறு, அதுதான் அதன் வலிமையும்.

நீரில் இடுதல்: வலது கட்டைவிரலை இடது கால் பெருவிரலோடும், இடதை வலதோடும் குறுக்காகக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கரைக்கு ஒருவராக இருவர் பிடித்து நீரில் விடுவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. மனித உடலின் அடர்த்தி நீருக்கு மிக அருகில். பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தவர் மிதப்பார். சட்டைத்துணிக்குள் காற்று சிக்கினாலும் மிதப்பார். கயிற்றை இழுத்துப் பிடித்தால் யாருமே மூழ்க மாட்டார்கள். முடிவு கயிறு பிடித்தவர் கையில் இருந்தது.

பிரான்டெஸ்டன் பாதிரியார் ஜான் லோஸ் எண்பதை ஒட்டிய முதியவர், ஊரோடு நெடுநாள் வழக்காடியவர். அவரைப் பல இரவுகள் தூங்கவிடாமல் ஓடவைத்து, ஃப்ராம்லிங்ஹாம் கோட்டை அகழியில் விட்டார்கள். ஆகஸ்ட் 27 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 18 பேரில் ஒருவராகத் தூக்கிலிடப்பட்டார், தனக்கான அடக்க ஜெபத்தைத் தானே படித்துக்கொண்டு. அந்த அசைஸுக்கு வந்த ஆணையம் நீரில் இடுவதை நிறுத்தச் சொன்னது. தூங்கவிடாமல் வைப்பது தொடர்ந்தது.


தெற்குவாசல் எழுதியது:

ஹாப்கின்ஸ் பணத்துக்காகத்தானே செய்தார்?


வழக்குப்பெட்டி எழுதியது:

ஸ்டோமார்க்கெட் ஊர் 23 பவுண்டு செலவழித்தது. விவசாயக் கூலி நாளைக்கு ஒரு ஷில்லிங்குக்கும் குறைவு. 23 பவுண்டு என்றால் 460 ஷில்லிங், ஒரு கூலியாளின் ஓராண்டு வருமானத்தைத் தாண்டும். ஆனால் பணம் மட்டும் காரணம் என்றால் ஊர்கள் ஏன் அழைத்தன? பல ஆண்டுகளாக முடியாமல் கிடந்த சந்தேகங்களை அவர்கள் முன்பே பட்டியலாக வைத்திருந்தார்கள். ஹாப்கின்ஸ் முறையைக் கொடுத்தார், பெயர்களை ஊர் கொடுத்தது. ஏறக்குறைய 100 பேர் இந்த அலையில் இறந்தார்கள், நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. நின்றதற்கும் பணம் ஒரு காரணம். சிறைச் செலவும் வழக்குச் செலவும் பங்குகளை அழுத்தின. 1646-ல் ஜான் கால் மேடையில் எதிர்த்தார். ஹாப்கின்ஸ் 1647 ஆகஸ்டில் காசநோயால் இறந்தார். அவரையே நீரில் விட்டார்கள் என்ற கதை பின்னால் கட்டியது. மிஸ்ட்லி பங்குப் பதிவேட்டில் அவர் அடக்கம் இருக்கிறது.


ஏட்டுக்கட்டு எழுதியது:

முடிவுக் காலத்தைச் சுருக்கமாக. 1662-ல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் நீதிபதி சர் மேத்யூ ஹேல் முன் லோஸ்டாஃப்ட் பெண்கள் இருவர். அவர்கள் தொட்டதும் அலறிய வலிப்புச் சிறுமியின் கண்ணைக் கட்டி, வேறொரு பெண்ணைத் தொடவைத்துப் பார்த்தார்கள். அப்போதும் சிறுமி அதே மாதிரி அலறினாள். சோதனை பொய் என்று அங்கேயே தெரிந்தது, ஆனாலும் தூக்கு. 1682-ல் பிடஃபோர்டைச் சேர்ந்த டெம்பரன்ஸ் லாய்ட், சூசன்னா எட்வர்ட்ஸ், மேரி டிரெம்பிள்ஸ் மூவரும் எக்ஸிட்டரில் தூக்கிலிடப்பட்டார்கள். உறுதியான ஆதாரம் உள்ள கடைசித் தூக்குகள் அவை. பிறகு தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் போன்றவர்கள் வழக்கு வழக்காக விடுதலை செய்தார்கள். 1712-ல் வாக்கர்ன் ஊரின் ஜேன் வென்ஹாமை ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதி ஜான் பவல் மன்னிப்புப் பெற்றுத் தந்தார். வென்ஹாம் 1730 வரை வாழ்ந்தார், ஊருக்குத் திரும்பாமல். 1736 ஜூன் 24-ல் புதிய சட்டம் அமலானது. சூனியம் செய்வது குற்றமல்ல, செய்வதாகப் பாசாங்கு செய்து ஏமாற்றுவதே குற்றம்.


மோர்ப்பானை எழுதியது:

சட்டம் கைவிட்டது. கிராமம் கைவிடவில்லை.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் டிரிங் பக்கம் ரூத் ஆஸ்போர்ன் என்ற கிழவி, பட்டர்ஃபீல்ட் என்ற பண்ணைக்காரரிடம் மோர் கேட்டார். பன்றிகளுக்கே போதவில்லை என்று மறுத்தார். பிறகு பண்ணைக்காரரின் கன்றுகள் நோயில் விழுந்தன, அவருக்கும் வலிப்பு வந்தது. பல ஆண்டு கழித்து, 1751 ஏப்ரலில், வின்ஸ்லோ, லெய்டன் பஸர்ட், ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் சந்தைகளில் தண்டோராக்காரர்கள் பகிரங்கமாக அறிவித்தார்கள்: திங்கட்கிழமை டிரிங்கில் ஓர் ஆணையும் பெண்ணையும் நீரில் முக்கப்போகிறார்கள். ஏழையர் விடுதியில் இருந்த ஆஸ்போர்ன் தம்பதியைப் பங்கு அதிகாரிகள் தேவாலய அறைக்குள் ஒளித்தார்கள். கூட்டம் விடுதியை உடைத்து, உப்புப்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தது. இல்லையென்றதும் கொளுத்துவோம் என்றது. ஒப்படைத்துவிட்டார்கள். குளத்தில் தாமஸ் காலி என்ற புகைபோக்கி துடைப்பவர் ரூத்தைக் கழியால் புரட்டிப் புரட்டித் தள்ளினார். ரூத் இறந்தார். காலி கூட்டத்தில் காசு வசூலித்தார். ஆகஸ்ட் 24-ல் கொலைக் குற்றத்துக்காக அவரைத் தூக்கிலிட்டார்கள். குதிரைப்படைக் காவல் தேவைப்பட்டது. கெட்ட கிழவியை ஒழித்தவனைத் தூக்கில் போடுகிறார்களே என்று மக்கள் தள்ளி நின்று முணுமுணுத்தார்கள்.

குண்டூசிக்கும் இந்த மோருக்கும் இடையே ஏறக்குறைய 140 ஆண்டுகள். வாசற்படி அதே வாசற்படி. பிச்சை மறுப்பு விளக்கம் எல்லா வழக்குக்கும் பொருந்தாது என்று கூரைவிட்டம் சொன்னது சரிதான், ஆனால் இந்த இடத்தில் அதை என்னால் விட முடியவில்லை.


தெற்குவாசல் எழுதியது:

காலியின் தூக்கோடு இது நின்றதா?


கூரைவிட்டம் எழுதியது:

இல்லை. 1759-ல் விங்ரேவில் சூசன்னா ஹேனோக்ஸ், பக்கத்து வீட்டாரின் நூற்பு ராட்டையைச் சுற்றாதபடி மந்திரத்தால் கட்டிவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டு, தேவாலயத்தின் பெரிய பைபிளுக்கு எதிராகத் தராசில் நிறுத்தப்பட்டார். கணவரே நிரூபிக்கச் சொல்லி முன்வந்தார். பைபிளைவிட எடை கூடியதால் நிரபராதி. இந்தச் சோதனையில் ஏறக்குறைய எல்லோரும் தேறுவார்கள்.

1863-ல் எசெக்ஸில் சிபிள் ஹெடிங்ஹாம் ஊரில் 'டம்மி' என்றே அறியப்பட்ட, காது கேளாத, வாய் பேசாத, எண்பது வயதை ஒட்டிய முதியவர் குறி சொல்லிப் பிழைத்தார். தனக்குச் சூனியம் வைத்துவிட்டார், வந்து எடுக்க வேண்டும் என்று எம்மா ஸ்மித் கெஞ்சினார், மூன்று தங்க சாவரின் தருவதாகவும் சொன்னார். தன் கழுத்தை அறுத்துவிடுவார்கள் என்று சைகை காட்டி அவர் வர மறுத்தார், பயந்திருந்தார். ஆகஸ்ட் 3 இரவு ஸ்வான் மதுக்கடையிலிருந்து இழுத்துப்போய் ஓடையில் தள்ளினார்கள். செப்டம்பர் 4-ல் ஹால்ஸ்டெட் ஏழையர் விடுதியில் இறந்தார். அடுத்த ஆண்டு செம்ஸ்ஃபோர்டு அசைஸில் எம்மா ஸ்மித்துக்கும் சாமுவேல் ஸ்டாமர்ஸுக்கும் ஆறு மாதக் கடுங்காவல். அந்த முதியவரின் உண்மையான பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.